கையில இருக்க ஜிபிஎஸ் சொல்லுதுன்னு எல்லக்கல்ல மாத்தாதீங்க: அளக்க வாரவங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில குளம், வாய்க்கால், ஓடை, வயக்காடுன்னு ஜிபிஎஸ் கருவியக் கையில பிடிச்சி எல்ல குறிக்க வார அலுவலர் அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும், அவங்களுக்கு ஒத்தாசையா வார தன்னார்வத் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கத்துல நில அளவு வேலை பாக்குறவன். சங்கிலி பிடிச்சி ஆரம்பிச்சி, கோணமும் தூரமும் சேத்து அளக்குற டோட்டல் ஸ்டேஷன் கத்துக்கிட்டு, இப்ப திருத்தம் வாங்கி நுணுக்கமா அளக்குற டிஜிபிஎஸ் வரைக்கும் வந்துட்டேன். குளத்துல ஆக்கிரமிப்ப எடுக்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்தே கெடையாது, தண்ணி நிக்கிற எடத்துல தண்ணிதான் நிக்கணும், அந்த வேலைய நீங்க எடுத்துச் செய்யறதுக்கு நன்றியும் சொல்லுதேன். ஆனா எந்தக் கருவிய வச்சி, எந்த நம்பர நம்பி அந்த வேலை நடக்குதுங்கிறதுல பெரிய கோளாறு இருக்கு, அத யாராவது வெளிப்படையா சொல்லித்தான் ஆகணும்.

எங்க பக்கத்துல ஒரு குளத்துக்கு எல்ல குறிச்சாவ. எந்த ஊரு, எந்த ஆபீஸுன்னு இங்க எழுதல, ஆள மாட்டிவிடறதுக்கு இந்த மடல் இல்ல. குளத்தங்கரையில இருந்து ரொம்பத் தள்ளி ஒரு ஆச்சி வாழை போட்டிருக்க நஞ்சைக்குள்ள போயி சுண்ணாம்பு அடிச்சி கொடி நட்டுட்டாவ. அந்த ஆச்சிகிட்ட பட்டா இருக்கு, எஃப்எம்பிங்கிற நில அளவுப் படத்தோட நகல் இருக்கு, வயல் மூலையில பழைய சர்வே கல்லு அசையாம நிக்கி. எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனதுக்குக் கெடச்ச பதில், சேட்டிலைட்டே சொல்லுது பாட்டி, மெஷினு பொய் சொல்லுமாங்கிறது. எனக்கு அந்த ஒத்தப் பேச்சுதான் தாங்கல. மெஷினு பொய் சொல்லாது, சரிதான், ஆனா அது என்ன சொல்லுதுன்னு புரிஞ்சிக்கிடாம நாம எழுதி வைக்கிறது பொய்யாப் போயிருமே.

அந்தக் குளத்துக் கொடி எல்லாத்தையும் நாங்க சுத்தி வந்து ஒண்ணொண்ணா பாத்தோம். எல்லாக் கொடியும் ஒரே பக்கமா, ஏறக்குறைய ஒரே தூரம் நகந்து கெடக்கு. இந்தப் பக்கம் ஆச்சி வயலு குளத்துக்குள்ள போயிருச்சு, எதுத்த பக்கம் நெசமாவே தண்ணி நிக்கிற எடம் குளத்துக்கு வெளிய வந்துருச்சு. வேலை தெரிஞ்சவங்க அத பாத்த ஒடனே சொல்லிருவாவ, இது சேட்டிலைட் கோளாறு இல்ல, டேட்டம் கோளாறுன்னு. சேட்டிலைட்டுனால வார பிசகு ஒரு கொடிய கெழக்க தள்ளும், அடுத்த கொடிய வடக்க தள்ளும், சிதறித்தான் கெடக்கும், மொத்தக் குளத்தையும் அலுங்காமக் குலுங்காமத் தூக்கி வேற எடத்துல வைக்காது.

டேட்டம்னா பூமிய எந்த உருண்டையா, எந்த மையத்துல வச்சி கணக்குப் போடுதோம்ங்கிறது. நம்ம நாட்டுப் பழைய டோப்போ ஷீட், அதான் மலை, ஆறு, குளம் எல்லாம் காட்டுற சர்வே மேப்பு, எல்லாம் 1830ல எவரெஸ்ட்ங்கிற நில அளவாளர் போட்டுக் குடுத்த உருண்டைய வச்சி வரைஞ்சது. ஜிபிஎஸ் கருவி வேலை பாக்குறது டபிள்யூஜிஎஸ் 84ங்கிற கணக்குல. ரெண்டுலயும் அட்சரேகை தீர்க்கரேகை உண்டு, ரெண்டுலயும் நம்பரு ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா ஒரே நம்பர் நம்ம பக்கத்துல தரையில நூறு மீட்டருக்கு மேல தள்ளி வேற எடத்தக் காட்டும். பழைய மேப்புல குளத்தோட எல்லையத் தொட்டு நம்பர் எடுத்து, டேட்டம் மாத்தாம அப்பிடியே கைக்கருவியில ஏத்திட்டு நடந்தா என்ன ஆவும்னு அந்த வாழைத்தோட்டத்துல பாத்தாச்சு. கருவியோட செட்டிங்ஸ்ல டேட்டம்னு ஒரு வரி இருக்கு, களத்துக்கு வார ஆளுகள்ல எத்தன பேரு அத தெறந்து பாத்திருக்கீய? 2005ல வந்த தேசிய மேப் கொள்கைக்குப் பொறவு பொதுமக்களுக்கு வார ஷீட்டு டபிள்யூஜிஎஸ் 84லதான் வருது, ஆனா ஆபீஸ் பீரோவுல சுருட்டி வச்சிருக்க பழைய ஷீட்டு மாறலியே.

இன்னொண்ணு, இதத்தான் ரொம்பப் பேரு யோசிக்கவே மாட்டேங்காவ. நம்ம எஃப்எம்பியில அட்சரேகையும் கெடையாது தீர்க்கரேகையும் கெடையாது. அது ஒரு கல்லுல இருந்து இன்னொரு கல்லு எவ்வளவு தூரம்னு சொல்லுத படம், பழசுல சங்கிலிக் கண்ணிய எண்ணுற லிங்க்ஸ் கணக்கு, நிலப் பதிவேட்டப் புதுப்பிச்ச யுடிஆர் திட்டத்துக்குப் பொறவு மீட்டர் கணக்கு, அவ்வளவுதான். அதுல எல்லைன்னா கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள சம்பந்தம். அப்பிடி இருக்கையில கல்லப் பாக்காம, கல்லுல இருந்து அளக்காம, கையில இருக்க திரையில ஒரு நம்பரப் பாத்து இதான் எல்லைன்னா எத வச்சி சொல்லுதீய? சட்டப்படி நிக்கிற ஆவணத்துக்கும் நீங்க குறிக்கிற நம்பருக்கும் நடுவுல ஒட்டே இல்ல.

சரி, டேட்டம் எல்லாம் சரியா வச்சாச்சுன்னே வைங்க. திரையில ±3 மீட்டர்னு போட்டிருக்கு, 3 மீட்டர்தான பிசகும்னு சொல்லுதாவ. அது உத்தரவாதம் இல்லய்யா, கருவி தனக்குத்தானே போட்டுக்கிடுற மதிப்பீடு. ஆண்ட்ராய்டு ஃபோன்ல அந்த வட்டத்துக்கு அர்த்தமே நூத்துக்கு 68 தடவ நெச எடம் இதுக்குள்ள இருக்கும்ங்கிறதுதான், மிச்ச 32 தடவ வெளியதான். அமெரிக்க அரசாங்கம் ஜிபிஎஸ் பத்தி சொல்லுத தகவல்லயே ஃபோனுக்கு தெறந்த வெளியில சுமாரா 4.9 மீட்டர்னு போட்டிருக்கு, அதுவும் வானம் நல்லா தெறந்து கெடந்தா. இத சென்ட் கணக்குல பாருங்க. 10 சென்ட் நெலம் சதுரமா இருந்தா ஒரு பக்கம் ஏறக்குறைய 20 மீட்டர். அதுல மூணு மூலையச் சரியா பிடிச்சி ஒரே ஒரு மூலை மட்டும் பக்கவாட்டுல 5 மீட்டர் நகந்தாலும் 50 சதுர மீட்டர் கூடவோ கொறையவோ காட்டும், அது ஒண்ணேகால் சென்ட்டுக்குக் கிட்ட வரும். நம்ம ஊர்ல ஒண்ணேகால் சென்ட்டுக்கு அண்ணன் தம்பி கோர்ட்டு வாசல்ல வருசக்கணக்கா நிக்கிறது உங்களுக்கே தெரியும்.

தெறந்த வெளிக்கே இந்த கதின்னா மத்த எடத்த சொல்லவே வேண்டாம். சேட்டிலைட் 20,200 கிலோமீட்டர் ஒசரத்துல இருந்து அனுப்புற சிக்னலு தரைக்கு வந்து சேரையில ரொம்ப ரொம்ப லேசாத்தான் இருக்கும், கருவி அது வந்து சேர்ற நேரத்த வச்சித்தான் தூரம் கணக்குப் போடுது, ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு நேரம் பிசகுனா 300 மீட்டர் பிசகிரும். தகர ஷெட்டுலயோ பாறையிலயோ மாடிச் செவுத்துலயோ பட்டுத் திரும்பி வார சிக்னல நேரா வந்ததா நெனச்சிக்கிட்டா தூரம் கூடிரும். வாழை, தென்னை அடர்ந்த தோப்புக்குள்ள கொஞ்சம் சிக்னலுதான் எறங்கும். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கம் மலையடிவாரத்துல நின்னா மேற்கு வானம் பாதி தெரியாது, கெடைக்கிற சேட்டிலைட் எல்லாம் கெழக்குப் பக்கமாவே இருக்கும், எண்ணிக்கை போதும்னு காட்டுனாலும் அது நிக்கிற கோணம் சரியில்லன்னா பதில் சரியா வராது, பிடாப்னு திரையில வாரது அதத்தான் சொல்லுது. அது கூடக்கூட நம்பிக்கை கொறையணும். ஒரே எடத்துல கருவிய வச்சிட்டு அர மணி நேரம் கழிச்சி ட்ராக்க தெறந்து பாருங்க, எறும்பு ஊந்துன தடம் மாதிரி சுத்திச் சுத்தி கோடு போட்டிருக்கும், ஆளு ஒரு அடி கூட நகந்திருக்க மாட்டோம், நடந்த தூரம்னு ஒரு கணக்கு காட்டும். அந்தத் தடத்துல ஏதோ ஒரு புள்ளியத்தான் நீங்க பட்டன அமுக்கி எல்லையா குறிச்சிக்கிட்டுப் போறீய.

நம்ம சீமைக்குன்னே தனியா ஒரு சங்கதி இருக்கு, இத மத்த ஊர்க்காரங்களவிட நாமதான் கூடுதலா தெரிஞ்சி வச்சிருக்கணும். பூமியோட காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலயும் சாயாம கீழயும் சாயாம மட்டமா நிக்கிற கோடு, இந்தியாவுல நம்ம தெக்குக்கோடி பக்கத்துலதான் போவுது. 1963 நவம்பர் 21ல நம்ம நாட்டுல முத ராக்கெட்ட விடறதுக்கு திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவ தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே அதுதான். பாளையங்கோட்டையில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல போனா கிருஷ்ணாபுரம் வருதுல்லா, சிற்பத்துக்குப் பேர்போன வெங்கடாசலபதி கோயில் இருக்க ஊரு, அங்கன இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கதும் அதுக்காகத்தான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கதால, நம்ம தலைக்கு மேல மின்னேத்தத் துகளு நெறஞ்சி கெடக்கிற அயனி மண்டலம் லேசுப்பட்டது இல்ல.

ஜிபிஎஸ் சிக்னலு அந்த மண்டலத்தக் கடந்துதான் கீழ வரணும், கடக்கையில தாமதப்படும். மத்தியானம் சாஞ்ச நேரம் தாமதம் ஜாஸ்தி. ரெண்டு அலைவரிசை வாங்குற கருவி அத தானே கண்டுபிடிச்சி கழிச்சிக்கிடும், நம்ம கையில இருக்க பழைய ஒத்த அலைவரிசைக் கருவிக்கு சேட்டிலைட் அனுப்புற பொதுவான திருத்தம் மட்டுந்தான், அதுல சுமாரா பாதி பிசகுதான் போவும். இது பகல் கத. சூரியன் அடங்குன பொறவு இன்னொரு கூத்து நடக்கும், காந்த நடுக்கோட்டுக்கு மேல அயனி மண்டலத்துல குமிழி கெளம்பி மேல ஏறி, காந்தப்புலக் கோட்டப் பிடிச்சி வடக்கயும் தெக்கயும் பரவும். அதக் கடந்து வார சிக்னலு நடுங்கும், சில நேரம் கருவி பிடிச்சிட்டிருந்த சேட்டிலைட்ட விட்டுரும். அடி பலமா விழறது நமக்கு வடக்க தள்ளி இருக்க நடு இந்தியாவுக்குத்தான், ஆனா பொறக்குற எடம் நம்ம பக்கம், நமக்கும் பாதிப்பு உண்டு. ராத்திரி ஏழு எட்டு மணியில இருந்து நடுச்சாமம் வரைக்கும், பங்குனி சித்திரையிலயும் புரட்டாசி ஐப்பசியிலயும், சூரியன் மும்முரமா இருக்க வருசத்துல இது ரொம்ப ஜாஸ்தி. சூரியன் இந்தச் சுற்றுல உச்சத்துக்கு வந்துருச்சுன்னு 2024 அக்டோபர்லயே நாசாக்காரங்க சொல்லிட்டாவ, அந்த வருசம் மே மாசம் வந்த சூரியப் புயல்ல அமெரிக்காவுல ஜிபிஎஸ் வச்சி ஓட்டுற டிராக்டர் எல்லாம் வெதப்பு நேரத்துல நின்னு போச்சு.

இத எதுக்கு இவ்வளவு நீட்டி சொல்லுதேன்னா, பகல்ல போனா கூட்டம் கூடும், சண்டை வரும்னு சில எடத்துல இருட்டுன பொறவு டார்ச் அடிச்சிக்கிட்டு வந்து குறிச்சிட்டுப் போறாவ. சண்டைய தவிர்க்கணும்ங்கிற உங்க சங்கடம் எனக்குப் புரியுது, ஆனா நம்ம ஊர்ல அந்த நேரம்தான் கருவிக்கு ஆவாத நேரம். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னால வாங்க, ஊர்க்காரங்க முன்னாலயே அளங்க.

அமெரிக்காக்காரன் வேணும்னே தப்பா காட்டுதான், அதுனாலதான் மாறி மாறி வருதுன்னு இன்னைக்கும் சில பேரு சொல்லுதாவ. அப்பிடி ஒண்ணு நெசமாவே இருந்துச்சு, நூறு மீட்டர் வரைக்கும் பிசகும், அத 2000 மே மாசத்தோட நிப்பாட்டியாச்சு. இப்ப வார பிசகுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

ஒசரம் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா குளத்துல உசிரே ஒசரத்துலதான இருக்கு. மறுகால் மட்டம் எவ்வளவு, மடை மட்டம் எவ்வளவு, எந்த வயலு வர தண்ணி ஏறும்ங்கிறது அரையடி ஒரு அடியில தீர்மானம் ஆவற விசயம். கைக்கருவி ஒசரத்துல பத்து மீட்டர் பிசகறது சாதாரணம். அதுக்கு மேல, சில ஃபோன் ஆப்பு திருச்செந்தூர் கடற்கரையில நின்னா கடல் மட்டத்துக்குக் கீழ எம்பது தொண்ணூறு மீட்டர்னு காட்டும், பாத்தவங்க பயந்தே போயிருவாவ. ஆப்பு கெட்டுப் போகல. கணக்குல வச்சிருக்க உருண்டைய விட நம்ம பக்கம் நெசக் கடல் மட்டம் சுமாரா 90 மீட்டர் கீழ இருக்கு, இந்தியாவுக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல ஒரு எடத்துல 106 மீட்டர் வரைக்கும் தாழ்ந்து கெடக்கு, உலகத்துலயே ரொம்பத் தாழ்ந்த எடம் அதான். சில கருவி அந்த வித்தியாசத்தக் கழிச்சிட்டுக் காட்டும், சிலது கழிக்காமக் காட்டும். ஒருத்தர் ஃபோன்ல எடுத்த ஒசரத்தையும் இன்னொருத்தர் கைக்கருவியில எடுத்த ஒசரத்தையும் ஒரே அட்டவணையில போட்டு மடைக்கு மட்டம் எழுதுனா அந்தக் குளத்துக்கு அழிவுதான். மட்டம் பாக்க ஆட்டோ லெவல் இருக்கு, அளவுகோலு ஸ்டாஃப் இருக்கு, ஒசரம் முன்னமே குறிச்ச பெஞ்ச் மார்க் கல்லு இருக்கு, அத வச்சிப் பாருங்க, மறுகால் விசயத்துல ஜிபிஎஸ் ஒசரத்த ஏட்டுலயே ஏத்தாதீங்க.

நம்பர் எழுதற விதத்துலயும் கொழப்பம் இருக்கு. 8 டிகிரி 43.50 நிமிசம்னு கருவி காட்டும், அத 8 டிகிரி 43 நிமிசம் 50 செகண்டுன்னு எழுதிருவாவ, நெசத்துல அது 30 செகண்டு, அதுலயே 600 மீட்டர் வடக்க போயிரும். உலகத்த நெடுக்க மண்டலமாப் பிரிச்சி மீட்டர்ல எடம் சொல்லுத யுடிஎம் கணக்குல எடுக்கிறவங்களுக்கு நம்ம தாமிரபரணிக் கரையிலயே ஒரு பள்ளம் காத்துக்கிட்டு இருக்கு. 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்க மண்டலம் 43, கெழக்க மண்டலம் 44. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி எல்லாம் 43ல, திருச்செந்தூர், தூத்துக்குடி, புன்னக்காயல் எல்லாம் 44ல. ஆத்துப்போக்குல கெழக்க போகப்போக, கெழக்குத் தூரத்தச் சொல்லுத ஈஸ்டிங் நம்பரு ஏறிக்கிட்டே வந்து 8 லட்சத்து 30 ஆயிரத்துக்குக் கிட்ட போனதும் சட்டுன்னு 1 லட்சத்து 70 ஆயிரம்னு விழுந்துரும். கருவிக்கு ஒண்ணும் ஆகல, மண்டலம் மாறிருச்சு. மண்டல நம்பர எழுதாம வெறும் ஈஸ்டிங்கும் வடக்குத் தூரமான நார்த்திங்கும் மட்டும் எழுதி வச்சா அந்தப் புள்ளி எந்தக் கடலுக்குள்ள இருக்குன்னு பொறவு யாருக்கும் தெரியாது.

தேதிக்கும் ஒரு வார்த்த. ஜிபிஎஸ் வாரத்த 1024 வரைக்கும்தான் எண்ணும், பொறவு பூச்சியத்துல இருந்து ஆரம்பிக்கும், கடைசியா 2019 ஏப்ரல்ல அப்பிடித் திரும்புச்சு. அப்டேட் பண்ணாத பழைய கருவி சிலது இருபது வருசத்துக்கு முந்தின தேதியப் போட்டுரும். அந்த ஃபைல கோர்ட்டுல குடுத்தா எதிர் வக்கீலு மொதல்ல கேக்குற கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

1802ல பரங்கிமலைப் பக்கம் வெள்ளக்கார நில அளவாளர் லாம்டன் மத்த அளவுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோடு அளந்தப்ப சங்கிலி வெயில்ல நீளும்னு தெர்மாமீட்டர் வச்சி சூட்டையும் சேத்து எழுதுனாவ. அளவு மட்டும் எழுதல, அந்த அளவு எந்த நெலமையில வந்துச்சுங்கிறதையும் எழுதுனாவ. உங்ககிட்ட நான் கேக்கறதும் அதத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல டேட்டம் என்ன, எந்த வடிவத்துல எழுதுன நம்பர், எந்த மண்டலம், எத்தன மணிக்கு எடுத்தது, எத்தன சேட்டிலைட், பிடாப் எவ்வளவு, எவ்வளவு நேரம் நின்னு சராசரி எடுத்தீயன்னு எழுதுங்க. ஒரு வரிதான் ஆவும். வேலை தொடங்குறதுக்கு முன்னாலயும் முடிஞ்ச பொறவும் ஏற்கனவே சரியான நம்பர் தெரிஞ்ச ஒரு கல்லுல கருவிய வச்சிப் பாருங்க, அன்னைக்குக் கருவி எவ்வளவு பிசகுதுன்னு அப்பமே தெரிஞ்சிரும். சேட்டிலைட் வழியா திருத்தம் வாங்குற எஸ்பாஸ்னு ஒரு ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணி வைங்க, இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேந்து நடத்துற ககன் திருத்தம் கெடைக்கும், மந்திரம் இல்ல, ஆனா பகல்ல நல்லாவே உதவும்.

கைக்கருவி ஆகாதுன்னு நான் சொல்லல. குளம் எங்க இருக்குன்னு தேடிப் போவ, ஓடை எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்க, ஃபோட்டோவுக்கு எடம் குறிக்க அது நல்ல கருவி. கல்லு நடறதுக்கு, ஒருத்தர் வயல ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டறதுக்கு அது கருவியே இல்ல. அதுக்கு டிஜிபிஎஸ் இருக்கு, எடம் துல்லியமா தெரிஞ்சி ஒரே எடத்துல நெலையா நிக்கிற கோர்ஸ் நிலையத்துல இருந்து திருத்தம் வாங்கி சென்டிமீட்டர் கணக்குல பாக்கலாம், அதையும் பழைய கல்லுல இருந்து எஃப்எம்பி தூரத்தோட ஒத்துப் பாக்கணும். ரெண்டும் ஒத்து வரலன்னா அன்னைக்கு முடிவு எடுக்க வேண்டாம், இன்னொரு நாள் வாங்க.

நோட்டீஸ் குடுக்கையில அந்த அளவோட மூல ஃபைல் நகல சம்பந்தப்பட்ட பட்டாதாரருக்கும் குடுங்க, தாலுகாவுல சரிபார்த்த கல்லு எங்கெங்க இருக்கு, அதோட நம்பர் என்னன்னு ஒரு பட்டியல போர்டுல ஒட்டி வைங்க. எங்களால முடிஞ்சதுக்கு நாங்களும் இருக்கோம், கல்லு பொதஞ்சி கெடக்கிற எடம் பழைய ஆளுகளுக்குத் தெரியும், கூட்டிட்டு வாரோம், உடைமுள்ள வெட்டி வழி பண்ணித் தாரோம், ஒரு நாள் முன்னாடி ஊருக்குச் சொல்லி விட்டாப் போதும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையில அளவு வேலை பாக்குறவன்